சாச்சி அமைத்த ஹாட்ஸ்பாட்

துபாயில் இருந்த மாமி மகன் ஊருக்கு வந்தபோது, தான் விளையாடி அலுத்துப்போன கையடக்க விளையாட்டுப் பெட்டி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். புத்தகம்போல மடிகிற பெட்டி. மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. வலப்பக்கம் நான்கு பொத்தான்கள், இடப்பக்கம் கூட்டல் குறிபோல ஒன்று, விளிம்பில் இரண்டு. கீலில் விரிசல் ஒன்று. எண்ணாமல் எந்தப் பொருளையும் கையில் வாங்காதவன் நான். தட்டில் விழும் இட்லியை எண்ணுவேன். வாப்பாவின் கடையில் அடுக்கியிருக்கும் கைலிகளை எண்ணுவேன். ஒன்று குறைந்தால் அது எங்கே போயிற்று என்று அன்று முழுவதும் அரித்தெடுப்பேன். அதனால் பத்து வயதிலேயே வீட்டில் எனக்குக் 'கிழவன்' என்று பெயர். அந்தக் குணம் இன்றைக்கும் மாறவில்லை. பெயரும் மெல்ல மெல்லப் பொருந்திக்கொண்டு வருகிறது.

பெட்டிக்குள் ஒரு கார்ப் பந்தயம் இருந்தது. தனியாக ஓட்டினால் போட்டிக்கு ஓடுகிற கார்கள் எல்லாம் பெட்டியே ஓட்டுகிற கார்கள். ஆனால் நெட் கிடைத்துவிட்டால் எங்கேயோ இருக்கிற நிஜ மனிதர்களோடு ஓட்டலாம் என்று மாமி மகன் சொல்லியிருந்தான். பெட்டியில் கம்பி செருக இடமே இல்லை. காற்றில் வந்தால்தான் உண்டு. எங்கள் வீட்டு நெட்டோ டெலிபோன் கம்பி வழியே மாடி அறைக்கு வந்து, அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். வாப்பா கடைக் கணக்குக்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. கணக்குப்பிள்ளை அதைத் தொட மறுத்துவிட்டதால் மாடிக்கு ஏற்றப்பட்டது.

அந்த வருடம் மாடி அறையில் சாச்சி இருந்தாள். உம்மாவுக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரு தங்கைதான். அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம் பாக்கி இருக்கும்போதே அவளைக் கழுகுமலையில் கட்டிக்கொடுத்தார்கள். வருடம் திரும்புவதற்குள் சாச்சா பைக் விபத்தில் மவுத்தாகிவிட்டார். உம்மா போய்த் தங்கையைக் கோவில்பட்டிக்குக் கூட்டி வந்துவிட்டாள். சாச்சி எங்கள் வீட்டில் இத்தா இருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அன்னிய ஆண்களின் பார்வையில் படாமல் இருக்கிற காலம் அது. அக்காள் கணவர் என்றாலும் வாப்பாவும் அந்த முறையில் அன்னியர்தான். அந்த மாதங்களில் அவர் மாடிப்படியில் கால் வைக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கீழே நின்று இருமுவார். உம்மாவோ நானோ ஓடிப்போய்ச் செய்தி கொண்டு போவோம்.

இத்தா முடிந்த பிறகு சாச்சி எங்கே இருப்பது என்ற பேச்சு வீட்டில் அடிக்கடி நடந்தது. கழுகுமலை மாமியாருக்கு முழங்கால் வலி; மருமகள் திரும்ப வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சாச்சிக்கு அந்தக் கடைசி வருடத்தைப் படித்து முடிக்க வேண்டும். வாப்பா ஒரு நாள் படியடியில் நின்று, அவளுக்குக் கேட்கும்படி உம்மாவிடம் சொன்னார்.

"அந்தப் புள்ள இங்கனயே இருக்கட்டும். படிச்சு முடிக்கட்டும். நான் சொல்லிக்கிடுதேன் அவியகிட்ட."

அன்று சாயங்காலம் சாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஏலே கிழவா, அந்தப் பெட்டியக் கொண்டா பாப்போம்" என்றாள்.

அவள் சொன்ன அடையாளத்தை வைத்து, விரல் நீளத்தில் ஒரு வயர்லெஸ் குச்சியை வாப்பா பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையில் வாங்கி வந்தார். கம்ப்யூட்டரில் அதைச் செருகினால் வீட்டு நெட்டை அது காற்றில் விடும் என்றாள் சாச்சி. விடவில்லை. முதலில் என் பெட்டிக்கு அதன் பெயரே தெரியவில்லை. பிறகு பெயர் தெரிந்தது, உள்ளே விடவில்லை. ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு பிழை எண் வரும், ஐந்து இலக்கம். நான் உரக்கப் படிப்பேன், சாச்சி தலையைச் சாய்த்துக் கேட்பாள். பெட்டி பழையது, அதற்குப் பழைய வகைப் பூட்டுத்தான் திறக்கத் தெரியும். குச்சி புதியது, புதிய வகைப் பூட்டுத்தான் போடும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து சாச்சி நாட்கணக்கில் அல்லாடினாள். கடைசியில் பூட்டே இல்லாமல் திறந்து விட்டாள். பெட்டி உள்ளே போய்விட்டது.

போயும் நெட் வரவில்லை. முகவரியைக் கையால் போட வேண்டும் என்று சொல்லி, புள்ளி வைத்த எண்களை அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் பெட்டியோடு வந்த குச்சிப் பேனாவால் கீழ்த்திரையைத் தொட்டுத் தொட்டுப் போட்டேன். எனக்கென்றே செய்து வைத்த வேலை மாதிரி இருந்தது. அன்று ஸ்பெயினிலிருந்து ஒருவன் என் காரை முந்திக்கொண்டு போனான். நான் தோற்றதற்குச் சாச்சி கைதட்டினாள்.

ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயர் வைக்க வேண்டுமென்றாள். நான் யோசிப்பதற்குள் ஆங்கில எழுத்தில் 'கிழவன்' என்று அடித்துவிட்டாள்.

மாடியில் எல்லா நேரமும் நான் இருக்க முடியாது. துக்கம் கேட்க வருகிற பெண்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். கீழே, மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தால் சிக்னலுக்கு ஒரு கோடுதான் வரும், அதுவும் அணைந்து அணைந்து எரியும். குச்சிக்குப் பின்னால் தகரம் எதையாவது நிறுத்தினால் சிக்னல் எதிர்ப்பக்கம் திரும்பும் என்று சாச்சி சொன்னாள். நான் அடுப்படியிலிருந்து ஒவ்வொன்றாகக் கடத்தினேன். சல்லடைக்குப் பயன் இல்லை. இட்லித் தட்டு நிற்கவில்லை. வெட்டி விரித்த கடலைமிட்டாய் டின்னைச் சன்னல் பக்கமாக நிறுத்திவிட்டுக் கீழே ஓடிப்போய்ப் பார்த்தால் முழுசாக மூன்று கோடு.

"மூணு!" என்று கத்தினேன்.

"மூணா?" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. உம்மா வந்து இரண்டு பேரையும் அதட்டினாள். இத்தா இருக்கிற வீட்டில் இதென்ன கூச்சல் என்று.

சில வாரம் நன்றாக ஓடியது. பிறகு சாயங்காலம் மஃரிபு தொழுகை முடிகிற நேரமானால் என் கார் இழுபட ஆரம்பித்தது. வளைவில் திரும்புமுன் படம் உறைந்துவிடும். மறுபடி அசையும்போது நான் பள்ளத்தில் கிடப்பேன். கோடு என்னவோ மூன்றும் இருக்கும். நான் டின்னை நகர்த்திப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மின்சாரம் அடிக்கடி போய் வந்த காலம் அது. அதனால் இருக்குமோ என்று நினைத்தேன். மின்சாரம் போனதும் மெழுகுவர்த்தி வாங்க என்னைத்தான் அனுப்புவார்கள். எங்கள் பக்கச் சந்தில், மாடிச் சன்னலுக்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்தபடி ஐந்தாறு இளவட்டங்கள் நிற்பார்கள். நான் மெழுகுவர்த்தியோடு திரும்பும்போது ஒருவரும் இருக்க மாட்டார்கள். இருட்டுக்குப் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் ஆத்திரத்தில் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். அப்படியும் குச்சியின் பச்சை விளக்கு வெட்டி வெட்டி எரிந்துகொண்டிருந்தது. சாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கம்ப்யூட்டரிலும் ஒன்றும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரித்துவிட்டாள்.

"ஏலே, தெரு பூரா நம்ம வீட்டுலதாம்லே வெளையாடுது. போன வச்சுக்கிட்டு எவனெவனோ உள்ள வந்திருக்கானுவ."

"பூட்டிரு சாச்சி."

"பூட்டுனா ஒனக்கும் கெடைக்காதே. கெடந்துட்டுப் போட்டும். படிக்கிற பயலுவளா இருக்கும்."

இத்தா தொடங்கிய பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள், கடைவீதியில் அரிசி மண்டி வைத்திருந்த பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெருவில் அவர் சொல்லுக்கு மரியாதை உண்டு. வாப்பா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். நான் படியடியில் பெட்டியோடு இருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

"சங்கடப்படாதிய தம்பி. ஒங்க மாடிச் சன்னலுக்குக் கீழ சாயங்காலமானா பயலுவ கூடுதானுவ. இது இத்தா இருக்குற வீடு. நேத்து மேல சிரிப்புச் சத்தமும் கேட்டுருக்கு."

"பையன்கூட சிரிச்சிருக்கும் மாமா. சின்னப் புள்ளதானே அதுவும்."

"எனக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியணும்லா?"

போகிற வழியில் பெரியவர் குடையை ஓங்கிக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். "ஏலே, ஒங்க வீட்டுல அக்கா தங்கச்சி இல்லையாலே?" என்று அவர் கேட்டது எங்கள் வீடு வரை கேட்டது. எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று தெரியாமலே அவர்கள் ஓடினார்கள். ஒரு செருப்பு மட்டும் சந்தில் கிடந்தது. அதற்குப் பிறகு சந்தில் ஆள் இல்லை. என் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது.

உம்மா மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஏட்டி, உள்ளதைச் சொல்லு. கீழ நின்னானுவளே, யாரு அவனுவ?"

"எனக்கு எப்படி லாத்தா தெரியும்? சன்னலத் தெறந்தே மாசக்கணக்காச்சு. நெட்டுக்காக நின்னுருப்பானுவ. நம்ம நெட்டுல பூட்டு இல்ல."

"கம்பி இந்தா இங்கன கெடக்கு. செவரத் தாண்டி அவனுவளுக்கு எப்படிப் போவும்?"

"இவன் பெட்டிக்குக் கீழ எப்படிப் போவுது? அப்படித்தான்."

உம்மா என் பெட்டியைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். கீழே போய் வாப்பாவிடம் அப்படியே சொன்னாள். நம்பியும் சொல்லவில்லை, நம்பாமலும் சொல்லவில்லை. ஒரு சரக்கை இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பதுபோலச் சொன்னாள்.

வாப்பா நியாயமான மனுஷர். கடையில் யாராவது வந்து வேட்டி முழம் குறைகிறது என்று சண்டை பிடித்தால் அவர் எதிர்த்துப் பேச மாட்டார். அளவுகோலை எடுத்து, வந்தவர் கண் முன்னாலேயே அளந்து காட்டுவார். குறைந்தால் மாற்றிக் கொடுப்பார். அன்றும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செவரத் தாண்டி வருதான்னு பாத்துட்டாப் போச்சு" என்றார். எங்கள் வீட்டில் இருந்த போன்கள் எல்லாம் பொத்தான் போன்கள். காற்றில் வருகிற நெட்டைப் பிடிக்கத் தெரிந்த பொருள் என் பெட்டி ஒன்றுதான்.

நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து என்னைச் சந்துக்குக் கூட்டிப் போனார். சுவர் அடுப்பு மாதிரி காய்ந்தது. சன்னலுக்கு நேர் கீழே நின்று பெட்டியைத் திறந்தேன்.

"எத்தன கோடுலே?"

"ஒண்ணும் இல்ல வாப்பா."

"நல்லாப் பாரு. ஒசரத்துல புடி."

உயர்த்திப் பிடித்தேன். திருப்பிப் பிடித்தேன். வாப்பா என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். தெருவில் மரியாதைப்பட்ட மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை கசங்க, சுவரோடு சுவராக நடந்தார். மூலை வரை போய்த் திரும்பி வந்தார்.

"இப்ப?"

"இல்ல வாப்பா."

"ஒண்ணு கூடவா?"

ஒன்றாவது வர வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்குச் சூட்டில் கண் கூசியது, அவ்வளவுதான். என்னை இறக்கிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, வா" என்றார்.

நான் மாடிக்கு ஓடினேன். ரெண்டு பேரும் எங்கே போய் வந்தீர்கள் என்று சாச்சி கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். தோளில் ஏறியதை இரண்டு தடவை சொன்னேன்.

"அளந்து பாத்தாரா?" என்றாள். பிறகு, "எத்தன கோடு?"

"கோடே இல்ல."

அவள் பெட்டியை வாங்கி மடித்துத் திறந்து பார்த்தாள். "இதுக்குக் காது மந்தம்லே. டின்னு வேற அந்தப் பக்கத்த மறைக்குது. நல்ல போனா இருந்தா புடிக்கும்" என்றாள், பெட்டியிடமே சொல்லுவதுபோல.

"வாப்பாகிட்டச் சொல்லிட்டு வரட்டா?"

"வேண்டாம்."

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் கோபித்துப் பேசவில்லை. வாப்பா குரலை உயர்த்தவில்லை. மிச்ச இத்தாவைக் கழுகுமலையிலேயே இருந்துகொள்ளட்டும், தேவை என்றால் இடம் மாறலாம், மார்க்கத்தில் தடை இல்லை என்று பெரியவர் சொன்னார். சன்னலுக்கெல்லாம் துணி கட்டிய வாடகைக் கார் வந்தது. சாச்சி படிப்புப் புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தாள், பதினொரு புத்தகங்கள். காரில் இடம் இருந்தது. ஆனாலும் அவள் அதை ஏற்றச் சொல்லவில்லை. மின்சாரம் போய் வந்தால் ஹாட்ஸ்பாட்டை மறுபடி எப்படித் தொடங்குவது என்று எனக்குப் பொறுமையாகச் செய்து காட்டிவிட்டுப் படியிறங்கினாள். உம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு மாடி அறை முழுசாகக் கிடைத்தது.

அடுத்த வாரமே கார் மறுபடி இழுபட ஆரம்பித்தது. அறையைக் கழுவிவிட உம்மா வாளியோடு மாடிக்கு வந்திருந்தாள். இன்றைக்கும் ஊர்ந்து ஊர்ந்துதான் போகிறது என்று நான் அவளிடம் சிணுங்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. தண்ணீர் காயட்டும் என்று சன்னலைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நானும் கம்பிகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். கீழே ஏழு பேர். ஏழு தலைகளும் குனிந்திருந்தன. ஒருவனும் மேலே பார்க்கவில்லை.

"ஏலே, இங்கன என்னலே செய்யுதிய?" என்று கேட்டாள் உம்மா.

அவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். ஒருவன் மட்டும் போனை மேலே தூக்கிக் காட்டினான். "ஒண்ணுமில்ல மாமி. ஒங்க வீட்டு நெட்டு. 'கிழவன்'னு பேரு வருதுல்லா, அதுதான். இனிமே வரல மாமி."

எங்கள் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய பெயர் சந்தில் ஒருவன் வாயிலிருந்து வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. உம்மா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. நான் கம்ப்யூட்டரை அணைக்கப் போனேன். மின்சாரக் கட்டணத்தை நினைத்துத்தான் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்; அதற்கு அவள் அவ்வளவு பயப்படுகிறவள். "அணைக்காத" என்றாள். "நில்லுங்கலே, போவாதீய" என்று சன்னலைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் அதற்குள் மூலை திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் வாப்பா மாடிப்படி ஏறி வந்தார். அந்த இளவட்டங்கள் வராமல் இருப்பார்களா என்ன, அவர்களும் வந்தார்கள்; நான்கு பேர். வாப்பா சன்னலோரம் நின்று பார்த்தார். திருடர்களை விரட்டப் போகிறார் என்று நான் ஆவலாக இருந்தேன். அவர் ஒரு சத்தமும் போடவில்லை. அதற்கு அடுத்த நாள் கடையைத் திறக்காமல் கழுகுமலை பஸ் ஏறினார்.

தனியாகத்தான் திரும்பி வந்தார். உம்மா வாசலிலேயே நின்றாள்.

"வரமாட்டேங்கா."

"என்ன சொன்னா?"

வாப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார். "திரைக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணுதான் கேட்டா. 'நான் சொன்னத வச்சு முடிவு பண்ணாம, அளந்து பாத்தீயளே மச்சான்'னு கேட்டா. அதுக்கு மேல நான் என்னத்தப் பேச?"

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சாச்சி அதன்பிறகு பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். தங்கியதில்லை. அந்தக் கடைசி வருடத்தையும் அவள் படிக்கவில்லை.

அன்று வாப்பா நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் கவலை எனக்குப் புரிந்துவிட்டதாகவே நினைத்தேன். அளந்த கோல் சரியில்லை, அதுதான் விஷயம். பக்கத்தில் போய் நின்று விளக்கமாகச் சொன்னேன். என் பெட்டிக்குக் காது மந்தம், டின்னும் மறைத்தது, நல்ல போன் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்திருந்தால் கோடு வந்திருக்கும். சாச்சிக்கு இது அன்றைக்கே தெரியும். உங்களிடம் சொல்லிவிட்டு வரட்டுமா என்று நான் கேட்டேன், அவள்தான் வேண்டாம் என்றாள்.

வாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏன் வேண்டாம்னா?"

நான் யோசித்தேன். சுவர் காய்ந்தது நினைவுக்கு வந்தது.

"திருப்பியும் வெயில்ல போவணும்லா வாப்பா. அதான்."

"ஆமா. வெயிலு" என்றார் வாப்பா.

சரியான விடையைச் சொல்லிவிட்ட திருப்தியோடு நான் மாடிக்கு விளையாடப் போனேன்.